தானாக ஆறிய இரண்டு லென்ஸ்கள்

ஜூடித் வேலைக்குப் போட்டுப்போகும் சுடிதார்களை பெங்களூர் நீலசந்திராவில் இருக்கும் தன் வீட்டில் மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைப்பதில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படிச் செய்துவிட, புருஷன் கிளெமென்ட்டின் சட்டை, படுக்கை விரிப்பு, மகள் ஸ்னேஹாவின் காலேஜ் துப்பட்டா எல்லாமே தீக்குச்சியை உரசின மாதிரி வாசனை அடித்தன.

“லென்ஸ் கம்பெனின்னு சொல்லிட்டு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கினு வர்றியா? உண்மையைச் சொல்லு ஜூடி” என்று கிளெமென்ட் கேட்டான்.

“ஆமா. இந்தத் தீபாவளிக்கு உங்களைத்தான் முதல்ல கொளுத்தப்போறேன்.”

அவன் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில், பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இருந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலைகளில் வேண்டாமல் மிஞ்சிக் குவியும் கந்தகத்தை மூட்டையாக வாங்கி, அதிலிருந்து லென்ஸ் செய்தார்கள். மஞ்சள் பொடியைக் குடுவையில் உருக்கி, சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் தண்ணீர் மாதிரி இருந்தது சிவந்து, பாகாக இறுகும். அந்த நேரத்தில் இன்னொரு திரவத்தைச் சேர்த்துக் கலக்கி, குமிழி இல்லாமல் அச்சில் வார்த்து, அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு வில்லை வெளியே வரும். வார்ப்பதும் எடுப்பதும் ஜூடித்தின் வேலை. பாகு பதத்துக்கு வந்துவிட்டதை அவள் கரண்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்வாள். “அக்கா, அதுக்கு மீட்டர் இருக்கு” என்பாள் அதிதி. “இருக்கட்டும் மேடம், அதுவும் பார்க்கட்டும்” என்பாள் இவள்.

அதிதிக்கு முப்பத்தோரு வயது. மல்லேஸ்வரத்து வீட்டுப் பெண், வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள், சோதனைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஜூடித் சேர்ந்த முதல் நாள் அவள்தான் வெப்பத்தைப் பார்க்கிற கேமராவை இவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் ஜூடித்தின் முகம் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பிடித்ததும் முகம் காணாமல் போய்விட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டு, அதன் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அந்தச் சிவப்பு வில்லையைப் பிடித்ததும் முகம் திரும்ப வந்தது.

“உடம்புச் சூடு கண்ணாடியைத் தாண்டாது அக்கா. இதைத் தாண்டும். இப்ப இந்த மாதிரி கேமராவுக்கு ஜெர்மேனியம் லென்ஸ் போடறாங்க, பயங்கர விலை. கீறல் விழுந்தா தூக்கிப் போடணும். நம்மளுது கீறினா திரும்ப ஆறிடும்.”

“ஆறிடுமா? லென்ஸா?”

“கந்தகம் உள்ளே சங்கிலி மாதிரி கைகோத்துண்டு நிக்கறது. கீறினா கை விட்டுப்போறது. அச்சுக்குள்ள வெச்சு, நூறு டிகிரி சூடு ஒரு மணி நேரம் காட்டினா பக்கத்துல இருக்கிற கையை மறுபடி புடிச்சுக்கும்.”

ஜூடித் அன்றைக்கு நம்பவில்லை. அவள் பத்தொன்பது வருஷம் சிவாஜிநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, பிரேமுக்கு ஏற்ற மாதிரி லென்ஸின் விளிம்பைத் தேய்த்தவள். அங்கே கீறல் என்றால் கீறல்தான். கீறல் விழுந்த லென்ஸ் மேஜையை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் முதலாளி வரை போகும். லென்ஸ் கம்பெனியைத் தொடங்கிய பத்ரிநாத் அவளைக் கண்டுபிடித்ததே அந்தக் கடையில்தான். ஒருநாள் அவர் தன் கண்ணாடியை வாங்க வந்தபோது, விளிம்பு ஓரமாக மயிரிழை மாதிரி ஒரு கோடு இருக்கிறது, தர மாட்டேன், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டாள். “எனக்கே தெரியலையேம்மா, குடுங்கோ” என்று கத்திப் பார்த்தார். அவள் தரவில்லை. நாலு வருஷம் கழித்து கம்பெனி தொடங்கியபோது அந்தப் பிடிவாதத்தைத் தேடிக்கொண்டு வந்தார். கடை அதற்குள் கைமாறி, ஜூடித் வேலையில்லாமல் இருந்தாள்.

சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வெள்ளிச் சங்கிலியும் மாதா பதக்கமும் ஒரே மாதத்தில் கறுத்துப்போனதால் கழற்றி பர்ஸில் போட்டுவிட்டாள். சில்க் போர்டு வரை பஸ், அங்கிருந்து மஞ்சள் லைன் மெட்ரோ. ஒரு வண்டியை விட்டால் இருபது நிமிஷம் நிற்க வேண்டும் என்பதால் படிகளில் ஓடவும் பழகிவிட்டாள். ஆனால் இன்னும் கான்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் ஆனால் குடும்பத்துக்கே மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் கேப் ஓட்டிப் பதினாலு வருஷத்தில் கிளெமென்ட்டின் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலையிலிருந்து வண்டியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. கட்டிலும் அவனுமாகக் கிடந்தான். அக்டோபரில் லெட்டர் தருவதாக பத்ரிநாத் சொல்லியிருந்தார்.

அந்த அக்டோபர் எதில் மாட்டிக்கொண்டிருந்தது என்றால், புனேக்காரர்களின் ஆர்டரில். கரண்ட் கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் எந்த இணைப்பு சூடாகிறது என்று பார்க்கும் கேமரா செய்கிறவர்கள் அவர்கள். லென்ஸ் பிடித்திருந்தது; ஆறுகிறது என்பதற்கு மட்டும் முறையான சோதனை கேட்டார்கள். ஜூடித் ஒரே பாகில் பன்னிரண்டு லென்ஸ் வார்த்துக் கொடுத்தாள். அதிதி ஒரு மெஷின் ஊசியால் பன்னிரண்டிலும் ஒரே அழுத்தத்தில் ஒரு கீறல் போட்டாள். ஆறு லென்ஸ்களை அன்றைக்கே அச்சில் வைத்துச் சூடு காட்டி ஆற்றியாகிவிட்டது. மீதி ஆறையும் சூடு காட்டாமல், யாரும் தொடாமல், முப்பது நாள் டிராயரில் வைத்திருக்க வேண்டும். அவற்றில் கீறல் அப்படியே இருந்தால்தான், மற்றவை ஆறியது சூட்டினால்தான் என்று ஆகும். இந்த ஆறுக்கும் சி-ஒன்று முதல் சி-ஆறு வரை பெயர். பெயர் எழுதியிருந்தது சின்னப் பெட்டிகளின் மூடியில். லென்ஸின் மேல் எதையும் எழுத முடியாது.

அதிதி கீறல் போட்ட அன்று ஜூடித் லீவு. கிளெமென்ட்டை எம்ஆர்ஐ எடுக்க அழைத்துப்போயிருந்தாள். தொடாமல் வைக்க வேண்டிய ஆறு லென்ஸ் எங்கேயோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எந்த டிராயர் என்று தெரியாது.

இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் ஆயுத பூஜைக்கு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சாஃப்ட்வேர் கம்பெனி வரை எதுவும் தப்பாது. ஷெட்டிலும் முதல் நாளே எல்லா மெஷினையும் துடைத்தாயிற்று, டிராயர்களைக் கவிழ்த்து தூசி தட்டியாயிற்று. பூஜையன்று காலையில் கேட்டில் வாழைக்கன்று, ஹாட் பிரஸ் மெஷினுக்கு சாமந்தி மாலை, வாசலில் உடைக்கப் பூசணிக்காய், மூட்டையில் பொரியும் கடலையும். அதிதி மல்லேஸ்வரத்தில் வீட்டுக் கொலு வேலையை முடித்துக்கொண்டு பூஜை நேரத்துக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

“நம்ம சரக்கு ரெண்டு சாமி முன்னால இருக்கட்டும்” என்று பத்ரிநாத் போகிற போக்கில் சொன்னார். ஷெட்டைப் பெருக்கித் துடைக்கிற லட்சுமம்மா உடனே போய் இரண்டு லென்ஸ் கொண்டுவந்து, வெற்றிலையின் மேல் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜூடித் அந்த மேஜையைத் தாண்டிப்போனாள், இரண்டடி தள்ளி நின்றாள், திரும்பி வந்தாள். இரண்டு லென்ஸிலும் கீறல். டியூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. நேற்று துடைக்கிற அமளியில் லட்சுமம்மா ஸ்கிரப்பரால் உரசிவிட்டாள் என்றுதான் நினைத்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் பத்ரிநாத் காதில் விழும், நல்ல நாளும் அதுவுமாக அவளுக்குத் திட்டு விழும். பூஜைக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. ஜூடித் இரண்டு லென்ஸையும் எடுத்து, அச்சுக்குள் உட்காரவைத்து, நூறு டிகிரியில் அடுப்பில் தள்ளிவிட்டு, போய்ப் பொரியைப் பொட்டலம் கட்டினாள். மணி அடித்ததும் எடுத்துப் பார்த்தாள். வார்த்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தன. வெற்றிலை மேல் திரும்ப வைத்தாள். குங்குமம் வைக்க வந்த லட்சுமம்மாவை, “ஏய், மெஷினுக்கு எல்லாம் வெச்சுக்கோ, லென்ஸ் மேல மட்டும் வேணாம்” என்று அதட்டினாள்.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைந்தது. லட்சுமம்மா இரண்டு லென்ஸையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். பொறுப்பான பொம்பளை அவள்.

முப்பதாவது நாள் காலையில் அதிதி அந்த ஆறு பெட்டியையும் மைக்ராஸ்கோப் மேஜைக்குக் கொண்டுவந்தாள். ஜூடித் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். படம் பெரிய திரையில் விழுந்தது. சி-ஒன்றில் கீறல், உழுத சால் மாதிரி. சி-இரண்டில் ஒன்றும் இல்லை.

“அக்கா, தலைகீழா வெச்சுட்டீங்களா?”

திருப்பிவைத்தாள். ஒன்றும் இல்லை. சி-மூன்றில் இருந்தது. சி-நான்கில் இருந்தது. சி-ஐந்தில் இல்லை. சி-ஆறில் இருந்தது.

அதிதி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். “சார்!” என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை ஜூடித் அவளிடம் கேட்டதே இல்லை.

பத்ரிநாத் வந்தார், குனிந்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். “சூடே காட்டலை?”

“காட்டலை சார். டிராயர்லயே இருந்தது.”

“தானா ஆறியிருக்கு!”

“ரெண்டுதான் சார். நாலு ஆறலை. ஏன்னு தெரியலை.”

“டிராயர் அடுப்புக்குப் பக்கமா இருக்கே. பின்பக்கம் இருந்த பெட்டிக்குக் கொஞ்சம் கதகதப்பு கிடைச்சிருக்கலாம். முப்பத்தஞ்சு, நாப்பது டிகிரி.”

“அவ்ளோ கம்மியான சூட்டுல ஆறினதா யாரும் பார்த்ததில்லை சார் நம்ம ஃபார்முலாவுல.”

“அதைத்தானே சொல்றேன்!”

இரண்டு பேரும் டிராயரைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவி, பின்பக்கம் சூடா முன்பக்கம் சூடா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காட்ட மறுபடி வைத்த சி-ஐந்தை ஜூடித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு துகள். அதிதி திரும்பிவந்து, “ஏதோ தூசி” என்று பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். அது தூசி இல்லை, குங்குமம் என்று ஜூடித்துக்குத் தெரிந்தது. வெற்றிலை, எலுமிச்சம்பழம், அடுப்பின் மணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பத்தொன்பது வருஷம் கீறல் பார்த்த கண். ஸ்கிரப்பர் உரசினால் இப்படி ஸ்கேல் வைத்த மாதிரி நேராகவா விழும்? இரண்டிலும் ஒரே நீளத்துக்கா?

“நாலு மணிக்கு புனே கால் இருக்கு” என்றார் பத்ரிநாத். “இதை முதல்ல சொல்லிடலாம்.”

“இன்னொரு தடவை பண்ணிப் பார்த்துட்டு சொல்லலாமே சார்.”

“பண்ணு, வேண்டாங்கலை. பார்த்ததைச் சொல்றதுல என்ன தப்பு?” வாசல்வரை போனவர் நின்றார். “ஜூடித், உங்க லெட்டர் டைப் ஆகி மேஜையில இருக்கு. சாயந்திரம் கையெழுத்துப் போட்டுடறேன். இன்னிக்கு நாள் நல்லாருக்கு.”

மத்தியானம் ஜூடித் டப்பாவைத் திறக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் பைக்குகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். செக்யூரிட்டி முனிராஜ், “ஏனு ஜூடித் அக்கா, ஊட்டா ஆயித்தா?” என்று, சாப்பிட்டாயிற்றா எனக் கன்னடத்தில் கேட்டான். “ஆயித்து, ஆயித்து” என்று சொல்லிவிட்டு கிளெமென்ட்டுக்கு போன் போட்டாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் அவன் கேட்டான், “இப்ப யாருக்குத் தெரியும் இது?”

“யாருக்கும் தெரியாது. எனக்குத்தான்.”

“அப்ப நாலு நாள் கழிச்சு சொல்லு.”

“நாலு மணிக்கு புனேகாரங்ககிட்ட சொல்லப் போறாங்க.”

“சொல்லட்டும். அவங்க இன்னா, நாளைக்கே லாரி அனுப்பிடுவாங்களா? லெட்டர் கைக்கு வரட்டும். அப்புறம் ஞாபகம் வந்திச்சுன்னு சொல்லு. மறதி எல்லாருக்கும் உண்டு.”

“எனக்கு மறதின்னு சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க.”

“ஜூடி.” அவன் குரல் இறங்கிவிட்டது. “நான் ஒண்ணும் திருடச் சொல்லலை. நீ யாரை ஏமாத்தினே? சாமிக்கு வெச்ச பொருளைச் சுத்தமா வெச்சே. அவ்ளோதானே?”

அவன் எழுந்து உட்கார முயல்கிற சத்தம் போனில் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது, பல்லைக் கடித்து மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும், பேசாமல் இருந்துவிடலாம் என்றே அவளுக்குத் தோன்றியது. ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றாள். ஒரு லெட்டர். ஒரு கையெழுத்து. சாயந்திரம் வரை வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

உள்ளே வந்தபோது அதிதி சாப்பிடப் போகாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். டிராயரின் உள்ளே நாலு மூலையிலும் சின்னச் சின்னத் தெர்மாமீட்டர்களை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டு. இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தாள்: வெளிச்சம், ஈரம், பெட்டியின் பிளாஸ்டிக், எது எதற்குப் பக்கத்தில் இருந்தது.

“அக்கா, இதுக்கு மூணு மாசம் ஆகும்னு நினைக்கறேன். ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பார்க்கணும். அடுத்த வாரத்துலேருந்து சனிக்கிழமையும் வரேன். நீங்களும் வருவீங்களா?”

இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு இந்தப் பெண் மூன்று மாதம் இந்தத் தரையில் உட்காரப்போகிறது, ஒன்றும் கிடைக்காது, தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று கடைசியில் நினைத்துக்கொள்ளும். ஜூடித் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“மேடம், அந்த டேப்பைக் கீழ வெச்சுடுங்க.”

“ஏன் அக்கா?”

“அதுங்க தானா ஆறலை. நான்தான் ஆத்தினேன்.”

அதிதி சிரித்தாள். ஜூடித் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். ஜூடித் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. சொல்லி முடித்ததும் எழுந்துபோய் அடுப்பின் கம்ப்யூட்டரைத் தட்டினாள். ஆயுத பூஜையன்று காலை ஒன்பது ஐம்பதிலிருந்து பத்து ஐம்பது வரை நூறு டிகிரி என்று கோடு ஏறி இறங்கியிருந்தது.

“இதை நான் காலையிலேயே பார்த்திருக்கணும்” என்றாள். பிறகு சட்டென்று திரும்பினாள். “ஏன் அக்கா தொட்டீங்க? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?”

“கீறலோட பூஜைக்கு வெச்சிருந்தாங்க மேடம்.”

“அதனால?”

“அதனாலதான்.”

அதிதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஜூடித் பயந்தாள். அழவில்லை. “காலையிலேருந்து நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? என் கைடுக்கு மெசேஜ் வேற போட்டுட்டேன்” என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, “சார்கிட்ட நான் சொல்றேன். அடுப்புல போட்டுட்டாங்கன்னு மட்டும் சொன்னா போதும். யாருன்னு சொல்லலை” என்றாள்.

“அப்படிச் சொன்னா லட்சுமம்மா தலையில விழும். எடுத்து வெச்சது அவங்கதானே. நானே சொல்றேன், நீங்க பக்கத்துல இருங்க.”

பத்ரிநாத் கதை முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். மணி மூன்றே கால். மேஜையில், பேப்பர் வெயிட்டுக்குக் கீழே, கம்பெனி முத்திரை போட்ட கடிதம் ஒன்று இருந்தது. அதன் தலைப்பில் தன் பெயரை ஜூடித் தலைகீழாகப் படித்தாள்.

“டிராயர்லேருந்து யார் எடுத்தது?”

“அதைக் கேக்காதீங்க சார். அடுப்புல வெச்சது நான்.”

“கீறல் விழுந்த லென்ஸை வெச்சா சாமி கோவிச்சுக்கும்னு நினைச்சீங்களா?”

“சாமி உங்களுது சார், எனக்கென்ன தெரியும்? லென்ஸ் நான் வார்த்தது. அதான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தில் அவருக்குக் காது சிவக்கும், சிவந்திருந்தது. “புனேகாரன் இதைக் கேட்டா என்ன நினைப்பான்? அடுத்த தடவை எந்த நம்பரைச் சொன்னாலும், பூஜை போட்டீங்களா, போடலையான்னு கேப்பான்.” அதிதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினாள். “சிரிக்காதே அதிதி” என்றார் அவர், திரும்பாமலே.

நாலு மணிக்குக் கண்ணாடி அறைக்குள் கால் நடந்தது. ஜூடித் வெளியே நின்றாள். உள்ளே பேசுவது கேட்கவில்லை. பத்ரிநாத் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினார், திரையில் இருந்த ஆள் நெற்றியைத் தடவினார், பிறகு ஒருமுறை எல்லோரும் சிரித்தார்கள், பிறகு யாருமே சிரிக்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

வெளியே வந்து, தன் மேஜைக்குப் போய், அவர் நேராகவே சொன்னார். “மீதி நாலு லென்ஸோட ரிசல்ட்டை எடுத்துக்க மாட்டோம்னுட்டான். முதல்லேருந்து பன்னெண்டும் பண்ணணும். திரும்ப முப்பது நாள்.”

“சரி சார்.”

“ஆர்டர் தள்ளிப்போனா அதை நம்பி இருக்கிறதும் தள்ளிப்போகும். உங்க லெட்டர் இப்ப முடியாதும்மா. ஆர்டர் வந்தா அன்னிக்கே.” கடிதத்தின் மேல் இருந்த பேப்பர் வெயிட்டை நேராக்கினார். “தண்டனைன்னு நினைச்சுக்காதீங்கோ. பண்ணினதுக்கு ஒரு திட்டு உண்டு, அதை நாளைக்குத் திட்டறேன். இது வேற.”

“கிளெமென்ட்டுக்கு ஆபரேஷன் இருக்கு சார்” என்று வாய் வரைக்கும் வந்தது. அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றும் அவளுக்குத் தெரிந்தது. “சரி சார்” என்றே திரும்பச் சொன்னாள்.

போகிற வழியில் லட்சுமம்மாவிடம் மட்டும், அந்த டிராயரை இனிமேல் துடைக்க வேண்டாம் என்று சொன்னாள். “ஏக்கே? கிளீன் மாட்பேக்கு அல்லவா?” என்றாள் அவள், சுத்தம் செய்ய வேண்டாமா என்று. “அது அழுக்காவே இருக்கட்டும்” என்றாள் ஜூடித்.

மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. ஆர்டர் வந்தால் நவம்பர் கடைசி, இல்லையென்றால் டிசம்பர் என்று கணக்குப் போட்டாள். ஆர்டரே வரவில்லை என்றால் என்ன என்பதை மட்டும் சில்க் போர்டு வரைக்கும் யோசிக்கவில்லை. நீலசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அதையும் யோசித்தாள்.

வீட்டில் ஸ்னேஹா ட்யூஷன் எடுக்கப் போயிருந்தாள். கிளெமென்ட் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்துக் காத்திருந்தான். ஜூடித் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் வெந்நீர் வைத்தாள்.

“சொல்லிட்டே இல்ல?” என்றான் அங்கிருந்தே.

“சொல்லிட்டேன்.”

“தெரியும். போன்ல பேசும்போதே தெரியும். சும்மா என்கிட்ட கேட்டே.” ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான். “வேலை கீதா?”

“இருக்குது.”

“லெட்டரு?”

“இன்னும் ஒரு முப்பது நாள். அதுக்கு மேலயும் ஆகலாம்.”

“காலையிலேருந்து அவ்ளோ சந்தோஷமா இருந்தவங்க கிட்டப் போய் இதைச் சொல்றதுக்கு உனக்கு எப்படித்தான் வாய் வந்திச்சோ” என்றான். அதில் கோபம் பாதி. மீதி என்னவென்று அவனுக்கே தெரிந்திருக்காது. “எனக்கு முப்பது நாள் ஒண்ணும் இல்லை. நான் பொறுத்துக்குவேன். இந்த முதுகு இருக்கு பாரு, அதுதான் சொன்னா கேக்காது. அதுகிட்ட நீயே சொல்லிக்கோ.”

ஜூடித் ரப்பர் பையில் வெந்நீரை ஊற்றி, மூடியை இறுக்கி, கசிகிறதா என்று ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

“திரும்பிப் படுங்க” என்றாள். “சொல்றேன்.”